வேலைக்கள்ளி யார்?

“வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல் சாக்கு.”

இந்தப் பழமொழி உங்களுக்குத் தெரியும். சித்தூர் வயலிலும் கேட்கலாம். நெல்லியாம்பதித் தோட்டத்திலும் கேட்கலாம். மூணாறு தேயிலைக் காட்டிலும் கேட்கலாம். சில பேர் பழமொழியை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். “வேலைக்கள்ளி” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். அதுவே போதும். கேட்டவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஆணுக்கும் இந்தச் சொல் உண்டு. வேலைக்கள்ளன் என்பார்கள். ஆனால் பழமொழி பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. காரணம் பிள்ளை. பெற்றவளும் அவள். இடுப்பில் தூக்கிச் சுமப்பவளும் அவள்.

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இது எப்படி வந்தது? யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

சொல்லைப் பிரித்துப் படிப்போம்

வேலை + கள்ளி = வேலைக்கள்ளி. நடுவில் ‘க்’ சேர்கிறது. சேர்த்து எழுதும்போது அதை மறக்காதீர்கள்.

கள்ளன் என்றால் திருடன். கள்ளி என்றால் திருடி. களவு, கள்ளம், கள்ளச் சாவி, கள்ள நோட்டு எல்லாம் இந்தக் குடும்பத்துச் சொற்கள். மலையாளத்திலும் திருடனுக்குக் கள்ளன் என்றுதான் பெயர். வேலியோரம் முள்ளோடு நிற்கிறதே, அந்தக் கள்ளி வேறு. இந்தக் கள்ளி வேறு.

ஆகவே, வேலைக்கள்ளி என்றால் வேலையைத் திருடுகிறவள்.

கொஞ்சம் நில்லுங்கள். கோழியைத் திருடலாம். குடத்தைத் திருடலாம். வேலையை எப்படித் திருடுவது? அது கையில் எடுத்து மடியில் மறைக்கும் பொருளா? இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துக்கொள்வோம். பிறகு எடுப்போம்.

வேலை செய்யாமல் நழுவுவதற்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு. வேலைக்கு வராமலே நின்றுவிட்டால் “மட்டம் போட்டான்”. வந்துவிட்டு வேலை செய்வதுபோல் நடித்தால் “ஓபி அடித்தான்”. கண் மறைவில் நழுவிப் போனால் “டிமிக்கி கொடுத்தான்”. ஏன் வரவில்லை என்று கேட்கும்போது கதை சொன்னால் “சால்ஜாப்பு”.

‘ஓபி’ என்பது கேட்பதற்கு இரண்டு ஆங்கில எழுத்துப்போல இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்துக்கும் ‘ஓ.பி.’ என்றுதான் பெயர். உடனே, “ஓ.பி. சீட்டு வாங்கி வேலைக்குப் போகாமல் இருந்ததால் வந்த பெயர்” என்று ஒரு கதை கட்டிவிடலாம். கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓசை ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துப் பிறந்த வீடும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

சால்ஜாப்புக்குப் பிறந்த வீடு தெரியும். அது உருது மொழியில் உள்ள ‘சவால் ஜவாப்’. சவால் என்றால் கேள்வி. ஜவாப் என்றால் பதில். கேள்வியும் பதிலும் என்பதுதான் முதல் பொருள். நம் வாயில் புகுந்து சால்ஜாப்பு ஆனது. பொருளும் மாறியது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு பதில் வைத்திருப்பவனின் சமாளிப்பு என்று ஆகிவிட்டது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். நம் மலையாளி அக்கம்பக்கத்தார் சோம்பேறியை ‘மடியன்’ என்பார்கள். பெண்ணை ‘மடிச்சி’ என்பார்கள். இது மலையாளச் சொல் என்று நாம் நினைப்போம். திருக்குறளில் 61ஆம் அதிகாரத்தின் பெயர் ‘மடியின்மை’. சோம்பல் இல்லாமை என்று பொருள். நாம் பேச்சில் விட்டுவிட்ட பழைய தமிழ்ச் சொல்லை அடுத்த வீட்டார் இன்றும் தினமும் பேசுகிறார்கள்.

மடியன் என்றால் ஒருவரின் குணத்தைச் சொல்கிறோம். வேலைக்கள்ளி என்றால் குற்றத்தைச் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

யாருடைய வேலை?

இப்போது அந்தக் கேள்வியை எடுப்போம். வேலையை எப்படித் திருடுவது?

உங்களுக்குக் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அவரை போட்டிருக்கிறீர்கள். இன்று களை எடுக்க மனம் இல்லை. திண்ணையில் படுத்துவிட்டீர்கள். உங்களை யாராவது வேலைக்கள்ளி என்பார்களா? சோம்பேறி என்பார்கள். அவ்வளவுதான். களை வளர்ந்தால் நட்டம் உங்களுக்கு. உங்கள் பொருளை நீங்களே எப்படித் திருடுவது?

அதே நீங்கள் இன்னொருவர் நிலத்தில் நாள் கூலிக்குப் போகிறீர்கள். காலை முதல் மாலை வரை உள்ள நேரத்தைக் கூலிக்கு விற்றிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்தால், விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டதுபோல் ஆகிறது. கூலி கொடுப்பவர் அதைக் களவு என்கிறார்.

நேரத்தை விற்கும் இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. அப்படியானால் அடுத்த கேள்வி: எவ்வளவு நேரம் விற்றோம்? அதை யார் எழுதி வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவரை யார் வேண்டுமானாலும் கள்ளி என்று சொல்லலாம்.

கண் வைத்துப் பார்த்தவர்

மலையில் நடந்த கதையைக் கேளுங்கள். 1877இல் பூஞ்சாறு மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காடு தோட்டமானது. பிறகு தேயிலை வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். மலைக்குக் கீழே தமிழ் நாட்டு ஊர்களில் பஞ்சமும் கடனும் இருந்தன. அங்கிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி.

கங்காணி என்ற சொல் எப்படி வந்தது? கண்காணி என்பதுதான் அது. கண் வைத்துப் பார்ப்பவர். ‘கண்காணிப்பு’ என்று இன்றும் எழுதுகிறோம்.

கங்காணி முன்பணம் கொடுப்பார். அதை வாங்கியவர் மலை ஏறுவார். கடன் தீரும்வரை இறங்க முடியாது. தன் ஆட்கள் சம்பாதிக்கும் கூலியின் மேல் கங்காணிக்குக் கமிஷன் உண்டு. ஒரு பெண் காய்ச்சலில் படுத்தால் அவளுக்குக் கூலி இல்லை. கங்காணிக்கும் கமிஷன் இல்லை. அவர் ஏன் லயத்து வாசலில் வந்து கத்தினார் என்பது இப்போது புரியும்.

கத்தியதோடு நிற்கவில்லை. சட்டமும் அவர் பக்கம் இருந்தது. 1859இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமல் நின்றாலோ, ஓடிப் போனாலோ மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையைச் செய் என்று அவர் உத்தரவு போடுவார். மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். திருவிதாங்கூரிலும் 1865இல் இதுபோல ஒரு சட்டம் வந்தது. வாங்கிய கடனைக் கட்டாத வியாபாரி மேல் போவது சிவில் வழக்கு. வேலைக்கு வராத கூலியாளுக்கு ஜெயில்! வேலைக்கள்ளன் என்பது அன்று வெறும் திட்டு அல்ல. கள்ளனுக்கு உள்ள தண்டனை அவனுக்கும் இருந்தது.

1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. சட்டம் போனது. சொல் போகவில்லை.

பால் கொடுக்கப் போனவள்

இப்படி ஒரு பேச்சைத் தோட்டத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

“என்னம்மா, எங்கே போயிட்டு வர்றே?”

“புள்ளைக்குப் பால் கொடுத்துட்டு வர்றேன் சார்.”

“ஆமாம். வேலைக்கள்ளிக்குப் புள்ளை மேல சாக்கு!”

பக்கத்து வரிசையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடுத்த நாள் பிள்ளை அழும் என்று தெரிந்தும் போகமாட்டாள். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். பழமொழி ஒரு தாயை இந்த அளவுக்குக் கட்டிப் போடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1961இல் வந்த பேறுகால உதவிச் சட்டம் இதைத் தெளிவாக எழுதியது. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு நேரம் போக, ஒரு நாளில் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை உண்டு. இந்த இடைவேளைக்காகக் கூலியில் பிடிக்கக் கூடாது.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிற்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறியது. 15 மாதமும் இரண்டு இடைவேளையும் மாறவில்லை.

பிள்ளைக் காப்பகமும் இப்படித்தான் வந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது அரை மணி ஓய்வு என்றும் அது சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகவும் 2025 நவம்பர் முதல் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

ஆகவே, பால் கொடுக்கும் நேரம் விற்ற நேரம் அல்ல. அது தாயின் கையிலேயே இருக்கிறது. தன் கையில் உள்ளதை யாரும் திருட முடியாது.

ஆனால் சட்டம் எழுதியவர் மலைச் சரிவை நடந்து பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். காப்பகம் கீழே இருக்கும். கொழுந்து மேட்டில் இருக்கும். அட்டை கடிக்க இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் வரும் பெண்களின் பாடு இன்னும் மோசம். பிள்ளை மலைக்குக் கீழே, தாய் மலைக்கு மேலே. விடியும் முன் வீட்டை விட்டு, இருட்டியபின் திரும்புகிறார்கள். ஜீப்பில் போகும் நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

ஜப்பானில் ஒரு சொல்

வேலை செய்யாமல் இருப்பதற்கு ஒரு சொல் பிறப்பது எங்கும் உண்டு. அதில் ஜப்பான் நாட்டுச் சொல் ஒன்று எனக்குப் பிடிக்கும். அங்கே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாலும், வேலையில் ஓபி அடித்தாலும் ‘சபோரு’ என்பார்கள். சின்னப் பிள்ளைகளும் சொல்லும் சாதாரணச் சொல்.

1919ஆம் ஆண்டு கோபே என்ற துறைமுக நகரில், கவாசாகி கப்பல் கட்டும் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கோரிக்கை வைத்தார்கள். வேலை நிறுத்தம் செய்தால் போலீஸ் வரும். அதனால் அவர்கள் வெளியே போகவில்லை. தினமும் சரியான நேரத்துக்கு உள்ளே வந்தார்கள். இயந்திரத்தின் முன்னே நின்றார்கள். வேலையை மட்டும் செய்யவில்லை. இதற்கு ‘சபோத்தாஜு’ என்று பத்திரிகைகள் எழுதின. அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். பிரெஞ்சில் ‘சபோ’ என்றால் மரச்செருப்பு. மரச்செருப்புப் போட்டவன் நடப்பதுபோல, வேலையைத் தடுமாறிச் செய்வது என்று பொருள் வந்தது. சபோத்தாஜு சுருங்கி ‘சபோரு’ ஆனது.

கோபே தொழிலாளர்கள் கேட்டதில் கிடைத்தது என்ன தெரியுமா? 8 மணி நேர வேலை நாள். இன்று ஜப்பானில் சபோரு என்று பிள்ளையைத் திட்டும் தாய்க்கு இந்தக் கதை தெரியுமோ என்னவோ.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சொல்லும் உண்டு. ‘நோக்குகூலி.’ மலையாளத்தில் நோக்கு என்றால் பார். வேறு ஆள் அல்லது இயந்திரம் சுமை இறக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்ட கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அறிவித்தது. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவதும் உலகத்தில் இல்லாமல் இல்லை. நடவு நடும் வரிசையில் ஒருத்தி கையை இழுத்தால், அவள் பங்கையும் பக்கத்தில் நிற்பவள்தான் நடுகிறாள். முதலாளிக்கு நட்டம் வருவதற்கு முன்னால் அவளுக்கு இடுப்பு ஒடிகிறது. அப்படிப்பட்டவரை வேலைக்கள்ளி என்றால் நான் வக்காலத்து வாங்க வரமாட்டேன்.

கிலோவில் அளந்த நாள்

தேயிலைத் தோட்டத்தில் நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. கிலோவையும் பார்க்கிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று கூடி, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. கூடவே இன்னொன்றும் முடிவானது. நாள் ஒன்றுக்குக் கிள்ள வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது.

கிலோ குறைந்தால் என்ன ஆகும்? இலங்கைத் தோட்டங்களில் நம் மக்களே பேசும் தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ‘அரைப்பேர்.’ அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. நாள் முழுக்க மழையில் நின்று கிள்ளினாலும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள். அரை நாள் கூலி. மற்ற அரை நாள் எங்கே போனது? அந்தக் களவுக்கு மட்டும் பழமொழி இல்லை!

ஒரு கணக்குப் போடுங்கள். இது எடுத்துக்காட்டுதான்.

தராசில் காட்டிய எடை: 28 கிலோ
சாக்கின் எடைக்குக் கழித்தது: 1 கிலோ
ஈரத்துக்குக் கழித்தது: 3 கிலோ
எழுதிய எடை: ___ கிலோ

விடை 24. கிள்ள வேண்டியது 25. அவளுக்கு 1 கிலோ குறை.

மழை பெய்த நாளில் இலையில் தண்ணீர் இருக்கும். கழிப்பது நியாயம். வெயில் அடித்த நாளிலும் 3 கிலோ கழித்தால்? 3 வேண்டாம். நாளுக்கு 1 கிலோ மட்டும் அதிகமாகக் கழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நாள் வேலைக்கு எத்தனை கிலோ? 25 கிலோ. அது ஒரு முழு நாள் கொழுந்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் தெரிந்தால் போதும். தினமும் தராசு காட்டிய எடையையும் சீட்டில் எழுதிய எடையையும் ஒரு பழைய நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேதி போட மறக்க வேண்டாம். சீட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்.

மனு எழுதிப் பழகுவோம்

கேரள அரசுக்கு மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ் பேசும் சிறுபான்மையினருக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. கீழே ஒரு மாதிரி இருக்கிறது. கோடு போட்ட இடத்தில் உங்கள் விவரத்தை எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அனுப்புநர்: ____________, ____________ தோட்டம்
பெறுநர்: தொழிலாளர் துறை அலுவலர், ____________
பொருள்: பால் கொடுக்கும் இடைவேளை பற்றி

ஐயா / அம்மா,

என் குழந்தைக்கு ___ மாதம் ஆகிறது. நான் ____________ தேதி முதல் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். நாளுக்கு இரண்டு முறை பால் கொடுக்கப் போகிறேன். அதற்காக ____________ தேதியில் என் கூலியில் ___ ரூபாய் பிடித்தார்கள். கூலிச் சீட்டின் நகல் இத்துடன் உள்ளது. பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படியும், இனிமேல் பிடிக்காமல் இருக்க ஏற்பாடு செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

தேதி: ____________
கையெழுத்து: ____________